உருளைக்கிழங்கு தேய்த்த ஜன்னல்கள்

இந்த ஊரில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஜன்னல் கழுவக் கூப்பிடுகிறார்கள். நான் ஏணியில் நின்று மாடிக் கண்ணாடிக்குச் சோப்புத் தண்ணீர் போட்டுக்கொண்டிருப்பேன். என் முதுகின்மேல் வானம் தன் தண்ணீரைப் போட்டுக்கொண்டிருக்கும். தெருவில் போகிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்து "சாஃப்ட் டே" என்று சொல்லிவிட்டு நடப்பார்கள். அயர்லாந்தில் தூறல் விழும் நாளுக்கு அதுதான் பெயர், மெத்தென்ற நாள். வந்த புதிதில் என்னைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து வீட்டுக்குப் போய் மனைவியிடம் அர்த்தம் கேட்டேன். கிண்டல் இல்லை என்று அவள் சொன்ன பிறகும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. மழைதான் கழுவுகிறதே, இதற்கு ஒரு ஆளா என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் கேட்டார்கள்.

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில். இங்கே யாராவது எந்த ஊர் என்று கேட்டால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்று சொல்ல எனக்கு இன்னமும் நாக்கு தயங்கும். தொண்ணூற்றொன்றில் அந்தப் பெயர் எதனால் உலகமெல்லாம் தெரிந்தது என்பது உங்களுக்கே தெரியும். அதைப் பற்றி நான் எழுத வரவில்லை. மெட்ராஸ் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பயம் என்னோடு கூடப் பிறந்தது. வாசலில் தபால்காரர் நின்றால் நம்மைத் திருப்பி அனுப்பத்தான் கடிதம் வந்திருக்கிறது என்று தோன்றும். என் மனைவி ஜெயந்தி நர்ஸ். காஞ்சிபுரத்தில் படித்துவிட்டு, அயர்லாந்து ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பரீட்சை எழுதி வந்தாள். அவளுக்குப் பின்னால், அவள் பெட்டியைப்போல நானும் வந்து இறங்கினேன். அவள் டியூட்டிக்குப் போவாள். நான் சோறு வடித்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பேன். என் பெயரில் இந்த நாட்டில் ஒரு வேலை இல்லை, ஒரு மனிதர் இல்லை. இங்கே எனக்கென்று ஒன்று இல்லாவிட்டால் ஊருக்கே போய்விடலாம் என்று மனதுக்குள் பெட்டி கட்டிக்கொண்டே இருந்தேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் காரின் தலையில் ஏணி கட்டிக்கொண்டு ஒருவர் வந்து எதிர்வீட்டு ஜன்னலைக் கழுவிவிட்டுப் போவதைப் பார்த்தேன். நம் பக்கத்து ஜன்னல்களுக்குக் கம்பியும் மரக்கதவும்தான். கதவைச் சாத்தினால் இருட்டு, திறந்தால் கொசு. இங்கே வீட்டுக்கு முகமே கண்ணாடிதான். உள்ளே பீங்கான் நாய்கள், பூந்தொட்டி, பேரப்பிள்ளைகளின் போட்டோ எல்லாவற்றையும் தெருவைப் பார்க்க வரிசையாக வைத்திருப்பார்கள். அந்தக் கண்ணாடி மங்கினால் மானம் போனமாதிரி. ஒருவர் ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டால் மாதாமாதம் அதே வீடுகள், அதே ஜன்னல்கள். அதை 'ரவுண்ட்' என்கிறார்கள். கடை வாடகை கிடையாது, சரக்கு தேங்காது. வாளியும் ஏணியும் கையும்தான் முதல். அதிகம் பேசவும் வேண்டாம். எனக்கு அதுதான் பெரிய ஆதாயமாகத் தெரிந்தது. நான் வேலை செய்ய அனுமதித் தாள் வந்த பிறகு, ஜெயந்தி கார்டு அட்டையில் விலாசத்தோடு விளம்பரம் எழுதிக் கொடுத்தாள். கடைகளில் ஒட்டினேன். யாரும் கூப்பிடவில்லை.

பிறகு துறைமுகத்துக்குப் போகும் தெருவில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில், முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். நல்ல நேரம் பார்த்துத்தான் தட்டினேன். கதவைத் திறந்தவர் நோரீன், தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். நான் வாளியைக் காட்டி, ஜன்னலைக் காட்டி, மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் சிரித்த முகமாக "ஆ, யூ ஆர் கிராண்ட்" என்றார். கிராண்ட் என்றால் பிரமாதம் என்றுதானே அர்த்தம்? சந்தோஷத்தில் ஏணியைச் சாத்தி ஏறிவிட்டேன். வேண்டாம், பரவாயில்லை என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்று சாயங்காலம் ஜெயந்தி சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் ஏணியில் ஏறிய மனிதனை இறங்கச் சொல்ல நோரீனுக்கு வாய் வரவில்லை. டீ போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அவரே சொல்லிவிட்டார். அந்தத் தெரு என் கைக்கு வந்தது. இந்த நாட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு தெருதான்.

கிடைத்த பிறகு அது போய்விடுமோ என்ற கவலை தொடங்கியது. நான் கழுவி வாளியைக் கவிழ்ப்பதற்குள் மழை வந்து, கண்ணாடி முழுக்கப் பொட்டுப்பொட்டாக நீர்த்துளி ஒட்டிக்கொள்ளும். இந்த ஆள் என்னத்தைக் கழுவினான் என்று நினைத்துவிட்டால்? இரண்டு தடவை பார்ப்பார்கள், மூன்றாவது தடவை கதவையே திறக்க மாட்டார்கள். இப்படியே புரண்டுகொண்டிருந்தவனுக்கு, லாரியில் திரிந்த காலம் ஞாபகம் வந்தது. ஜெயந்தி சாம்பாருக்கு எடுத்து வைத்திருந்த உருளைக்கிழங்குகளில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தொண்ணூற்றொன்றில் நான் லாரி கிளீனர். டயருக்குக் கட்டை வைக்க, தார்ப்பாய் கட்ட, டிரைவர் கண் அசந்துவிடாமல் பேச்சுக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே, அதற்குப் பெயர்தான் கிளீனர். அந்தப் பெயருக்குப் பொருத்தமாக நான் சுத்தம் செய்தது முன்கண்ணாடி ஒன்றைத்தான். எங்கள் லாரியில் வைப்பர் என்று ஒன்று இருந்தது, ஆடாது. மழை வந்தால் பச்சை உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டின பக்கத்தால் கண்ணாடி முழுக்கத் தேய்ப்போம். தேய்த்த கண்ணாடியில் தண்ணீர் துளித்துளியாக நிற்காது. ஒரே விரிப்பாக வழிந்து ஓடிவிடும், எதிரே வருகிற வண்டி தெரியும். பெங்களூர் ரோட்டில் எத்தனை மழையை அந்த உருளைக்கிழங்கு தாண்ட வைத்திருக்கிறது!

அந்த ரோட்டின் ஓரமாகத்தான் புதிதாக ஒரு கம்பெனி எழும்பியிருந்தது. இப்போது ஷிப்டு பஸ்களும் கார் கம்பெனிகளும் நிறைந்திருக்கும் இடத்தைப் பார்க்கிறவர்களுக்கு அன்றைய ரோடு நம்ப முடியாததாக இருக்கும். செம்பரம்பாக்கம் ஏரிக்காற்று, நெல் வயல், வேலிக்காத்தான் புதர், நடுவில் திடீரென்று ஆளுயரத்துக்குமேல் ஒரு கண்ணாடிச் சுவர். என் அக்கா வசந்தா அங்கே கூட்டுகிற வேலைக்குப் போனாள். ஐப்பசி மழை, லாரிகள் வாரியடிக்கும் செம்மண் சேறு எல்லாம் அந்தக் கண்ணாடியில்தான். வெளிநாட்டிலிருந்து மிஷின் கொடுத்தவர்கள் பார்வையிட வரப்போகிறார்கள் என்று கம்பெனியே பரபரப்பாக இருந்தது. அக்கா நேரே ஆபீஸர் முன்னால் போய் நின்றாள். நானும் கூட இருந்தேன், கதவுக்குப் பக்கத்தில், ஓடுவதற்குத் தோதாக.

"சார், கண்ணாடிய நாங்க தனியா கான்ட்ராக்டா எடுத்துக்குறோம் சார்."

"கண்ணாடி தொடைக்கறதுக்கு ஒரு கான்ட்ராக்டா? பெருக்கறச்சே அதையும் சேத்து ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போயேம்மா. மழை வேற பெய்யறது, அதுவே கழுவிடும்."

"மழ கழுவல சார், மழதான் சேத்த அடிக்குது. வெளக்கமாறு புடிச்ச கையாலயே இதையும் தொடச்சா கண்ணாடியும் வெளக்கமாறு மாதிரிதான் இருக்கும். வர்றவங்க பாக்கட்டும். நல்லா கீதுன்னா குடுங்க. இல்லன்னா வுட்டுடுங்க, நான் பாட்டுக்கும் பெருக்கிக்கினு போறேன்."

ஆபீஸர் சிரித்துவிட்டு சரி என்றார். வெளியே வந்ததும் நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "யக்கா, கை பட்டு கண்ணாடி ஒடஞ்சிட்டா?"

"ஒடஞ்சா ஓடிடு. அதான் லாரி வெளிய நிக்குதே."

அது அவளுக்கு வேடிக்கைப் பேச்சு. ஆனால் அந்தக் கான்ட்ராக்ட் கிடைக்காவிட்டால் அவள் அந்தக் கம்பெனியில் கடைசிவரை குனிந்து பெருக்குகிறவளாகவே இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, பழைய பேப்பரால் துடைத்து, கடைசியில் உருளைக்கிழங்கைத் தேய்த்தேன். டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். முடித்த கையோடு ஏறிவிட்டேன். ராணிப்பேட்டை தாண்டும்வரை கண்ணாடி உடைகிற சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. திரும்பி வந்தபோது கேட் பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். பெரிய மழையில் வந்த விருந்தாளிகள் உள்ளேயிருந்து வெளியே தோட்டத்தைப் பார்த்தார்களாம், கண்ணாடியில் ஒரு பொட்டுக்கூட இல்லையாம். "கெடச்சிடுச்சிடா!" என்று என் முதுகில் ஒரு அறை விட்டாள். அந்த மழைக்காலம் முழுக்க லாரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் இறங்கிக் கழுவித் தேய்த்துவிட்டு ஏறிக்கொண்டேன். ஒரு கம்பெனி இரண்டாயிற்று. இன்றைக்கு ஒரகடத்தில் அக்காவுக்கு வேன் இருக்கிறது, யூனிபார்ம் போட்ட பெண்கள் இருக்கிறார்கள், கயிற்றில் தொங்கிக் கழுவ ஆட்கள் இருக்கிறார்கள். "ரோடு போட்டா தூசி, மழ பேஞ்சா சேறு. ரெண்டும் நம்ம ஆளுங்கதான்" என்பாள். அத்தனைக்கும் ஆரம்பம் என் கையிலிருந்த உருளைக்கிழங்கு என்று வெகுகாலம் உள்ளுக்குள் ஒரு பெருமை எனக்கு இருந்தது. என்னிடம் இருந்த ஒரே பெருமை.

அந்தப் பெருமையைத்தான் துறைமுகத் தெருவில் வீடு வீடாகத் தேய்த்தேன். நோரீன் டீக் கோப்பையோடு வாசலில் நின்று, நான் பையிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்து வெட்டுவதையும், மேலிருந்து கீழாக நிதானமாகத் தேய்ப்பதையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்ல இங்கிலீஷ் பத்தவில்லை. எதிர்வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இந்த ஊர் மரியாதை என்று நினைத்தேன். மழை வந்தது. தண்ணீர் விரிப்பாக வழிந்து ஓடிற்று. தெரு முழுக்கக் கண்ணாடிகள் கண் திறந்தமாதிரி இருந்தன. அன்றைக்கு வீட்டுக்கு நான் நடந்த நடையைப் பார்த்து ஜெயந்தி, "இன்னா, கவுன்சிலர் ஆயிட்டியா?" என்று கேட்டாள்.

அப்புறம் வெயில் வந்தது. இங்கே வெயில் என்றால் ஒரு மணி நேரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சமாசாரம். அந்தத் தடவை வந்தது போகவில்லை. ஆட்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். நான் பால் வாங்கப் போகிற வழியில் என் தெருவைப் பார்த்தேன். அத்தனை ஜன்னலும் வெள்ளை பூத்திருந்தது. நீராகாரத்தை ஊற்றிக் காயவைத்தமாதிரி. பீங்கான் நாய்களும் பூந்தொட்டிகளும் பனிக்குள் நிற்பதுபோல் மங்கலாகத் தெரிந்தன. பால் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் வெளியே போகவில்லை. யாரோ ஒருவர் வந்து கதவைத் தட்டினார், அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன். நோரீன்தான் என்று குரல் சொன்னது. திட்டத்தான் வந்திருக்கிறார், போலீஸோடு வந்திருக்கிறாரோ என்னவோ. ஜெயந்தி டியூட்டி முடிந்து வந்து, "நீயே போய் சொல்லிடேன், அவங்க இன்னா உன்ன முழுங்கிடவா போறாங்க?" என்றாள். முழுங்குவதைப்பற்றி எனக்குப் பயமில்லை. அந்தத் தெரு போனால் மறுபடியும் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவன்தான். பெட்டியை மனதுக்குள் கட்டிக்கொண்டே, போன் கார்டை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். ஒரகடத்தில் அப்போது சாயங்காலம். பின்னால் வேனில் பெண்கள் ஏறும் சத்தம் கேட்டது.

"யக்கா, உருளக்கெழங்கு தேச்சேன், கண்ணாடில்லாம் வெள்ளையா பூத்துக்கிச்சி."

"வெயில் வந்தா பூக்காம இன்னாடா பண்ணும்? அது மாவுதான? மறுநாளு காலீல நீ தொடைக்கலயா?"

"தொடைக்கணுமா? அன்னிக்கி கம்பெனில தேச்சோமே, பூக்கலியே?"

பின்னால் வேன் கதவைச் சாத்தும் சத்தம். அப்புறம் சிரிப்பு. "டேய் முருகேசு! நீ தேச்சிட்டு லாரி ஏறிப் பூடுவ. தொடைக்கிறது யாரு, உங்க டிரைவரா? மழ வுட்டு வெயில் வந்தா, ஆபீஸர் வர்றதுக்கு முன்னாடி பனியன் துணிய எடுத்துக்கினு நான் போயி நின்னு மொத்தத்தையும் தொடைப்பேன். மொத நாளே பூத்துக்கிச்சி. பாத்த ஒடனே வேலயே போச்சின்னு நெனச்சேன்."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா? பயந்துக்குவ. அப்பால கண்ணாடி பக்கமே வரமாட்ட. நீ வந்து தேச்சாதான மழைக்கு நிக்கும், எனக்கு எங்க அந்தக் கை வரும்? சரி, போன வெச்சிட்டு போய்த் தொடை. துட்டு ஆவுது பாரு."

போனை வைத்தேன். பெருமை போனதில் எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும், இல்லை. நான் லாரியில் பயந்துகொண்டே போன ஒவ்வொரு தடவையும் பின்னால் ஒருத்தி பனியன் துணியோடு நின்றிருக்கிறாள். என் பயத்துக்கும் சேர்த்து அவள்தான் துடைத்திருக்கிறாள். பழைய பனியன்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நோரீன் வீட்டில் சாத்திய ஏணியில் நான் கால் வைப்பதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மனைவியோடு வந்தார். சுற்றி நின்றுகொண்டார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். நோரீன் குரலைத் தணித்து, கோயிலில் பேசுகிறமாதிரி, ஏதோ கேட்டார். முதலில் புரியவில்லை. மறுபடியும் மெதுவாகச் சொன்னார்: இதை இன்னும் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? துடைத்தால் தோஷம் ஒன்றும் இல்லையே?

கேலி என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. நான் உருளைக்கிழங்கை எடுத்து, வெட்டி, வாய் பேசாமல் மேலிருந்து கீழாகத் தேய்த்ததைப் பார்த்து, எங்கள் நாட்டில் வீட்டுக்குச் செய்யும் ஏதோ ஆசீர்வாதம் என்று தெருவே நினைத்திருக்கிறது. அதனால்தான் தொப்பியைக் கழற்றியிருக்கிறார். வெள்ளை பூத்ததும் அதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று விட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் துடைக்கப் போனபோது நோரீன்தான் கையைப் பிடித்துத் தடுத்தாராம். வாரக்கணக்கில் வராத வெயில் வந்தும், அதைப் பார்க்க ஜன்னல் இல்லாமல், என் மனம் நோகக்கூடாது என்று எல்லோரும் மங்கலுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் அவர் வந்து என் கதவைத் தட்டியிருக்கிறார்.

எனக்கு இருந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டினேன். "நோ பிரேயர். லாரி. ரெயின். வைப்பர் நாட் ஒர்க்கிங். பொட்டேட்டோ." கையால் ஸ்டியரிங் பிடித்துக் காட்டினேன், மழையைக் காட்டினேன், தேய்த்துக் காட்டினேன். முதலில் எதிர்வீட்டுக்காரருக்குப் புரிந்தது. தொப்பியை எடுத்து மறுபடியும் தலையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த நோரீன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: பாதிரியாரிடம் ரொம்பப் பெருமையாகச் சொல்லிவிட்டேனே, அதை இப்போது யார் போய்த் திருப்பிச் சொல்வது? அன்றைக்குத் தெரு முழுவதையும் துடைத்து முடிக்கும்வரை ஒவ்வொரு வீட்டிலும் டீ கொடுத்தார்கள். ஒரு வீடும் என்னை விட்டுப் போகவில்லை. அந்தத் தெருவிலிருந்து அடுத்த தெரு, அங்கிருந்து ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடைகள் என்று ரவுண்ட் வளர்ந்துவிட்டது. இன்றைக்கு இதை வைத்துத்தான் நாங்களும் வீடு வாங்கியிருக்கிறோம். என்னைப்போல் மனைவியின் விசாவுக்குப் பின்னால் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். ஏணி வாங்குங்கள். உருளைக்கிழங்கு தேய்த்தால் மறுநாள் போய்த் துடையுங்கள்.

அக்கா இப்போதும் கூப்பிடுகிறாள். வந்துடுடா, ஒரகடத்துல ஆளு பத்தல, வூடும் சும்மாதான் கீது என்கிறாள். வரேன்க்கா என்கிறேன். இரண்டு பேரும் அதை அதற்குமேல் பேசுவதில்லை. என் போனில் வானிலை பார்க்க இரண்டு ஊர் வைத்திருக்கிறேன். மேலே இந்த ஊர், கீழே ஸ்ரீபெரும்புதூர். காலையில் கண் விழித்ததும் கீழேதான் முதலில் பார்க்கிறேன். அங்கே மழை என்று காட்டினால், கயிற்றில் தொங்கும் அவள் ஆட்களை நினைத்துக்கொள்வேன். அப்படியே எழுந்து போய் அடுப்படிக் கூடையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறேன். இன்றைக்கும் போட்டுக்கொண்டேன். இங்கே நல்ல வெயில். நோரீன் வீட்டுக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கும்போது பை தொடையில் இடித்தது. உள்ளேயிருந்து அவர் டீ ஆறுகிறது என்று கை காட்டினார். நான் ஒரு கையால் சரி என்று காட்டிக்கொண்டு, மறுகையால் பைக்குள் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.